பாயும் விலங்கின் மதிப்பு

தோற்றுவாய்

வலிமை கண்டவுடன் தோன்றும். மதிப்பு எண்ணிப் பார்த்த பின்னரே தோன்றும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் மக்கள் இயல்பு. வாழ்க்கையில் இம்மயக்கம் பெருங்கேடு விளைக்கும். விளையாட்டிலோ ஓர் ஆட்டம் தோற்பதோடு முடிந்துவிடும். ஆதலின் இம்மயக்கம் தீரப் பயில விளையாட்டைவிட மலிவான பள்ளி வேறில்லை என்பது என் எண்ணம்.

இக்கட்டுரையில் நான் ஆராயப் புகுந்த பொருள் சிறியது. தாக்குவதற்கென்றே அமைந்த ஒரு விலங்கு நம் கைக்கு வருகிறது. அது பலகையில் வைத்த புலியாகவும் இருக்கலாம்; சீட்டில் எழுதிய சிங்கமாகவும் இருக்கலாம். அதனை எவ்வாறு மதிப்பிடுவது? எடுத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? எடுத்தால் எங்கே வைப்பது? இவ்வளவே வினா.

முதலாவது விளையாட்டு நம் ஊர்ப்புறங்களில் யாவரும் அறிந்தது. தமிழில் அதனை ஆடுபுலி ஆட்டம் என்கிறோம். தெலுங்கு நண்பர்கள் புலி மேக என்கின்றனர். புலி ஜூதம் என்பாரும் உளர். இரண்டாவது விளையாட்டு மேலை நாட்டிலிருந்து வந்தது. 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்பார் அமைத்து வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் சீட்டாட்டம் அது. விடுதி அறைகளில் இன்று அதனை ஆடும் மாணவர் சிலர் இருக்கின்றனர். அவர்கள் சீட்டுத் தெரிவதைப் பல நாள் பக்கத்திலிருந்து பார்த்தேன்; சில நாள் நானும் ஆடினேன். புதிய ஆட்டத்தில் எழும் ஐயத்திற்குப் பழைய ஆட்டத்திலேயே விடை கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதனை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

இரு பெயர், ஒரு கட்டம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இக்கட்டம் தமிழருடையதா, தெலுங்கருடையதா என்று நம் மாணவரிடையே அவ்வப்போது வழக்கு எழுவதுண்டு. சித்தூர் மாவட்டம் 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரிந்த பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை கோடுகள் வரைபடத்தில் மாறி மாறிக் கீறப்பட்டபோதும், திண்ணையில் சுண்ணாம்பால் கீறிய கோடு மாறவில்லை. சித்தூர்த் தெருவில் தமிழ் பேசும் பாட்டியும் திருப்பதித் தெருவில் தெலுங்கு பேசும் பாட்டியும் ஒரே கட்டத்தையே வரைகின்றனர். கன்னட நாட்டாரும் ஆடு ஹுலி என்று இதனையே ஆடுகின்றனர். தென்னாட்டுக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் கல்தளத்தில் இத்தகைய கட்டங்கள் கீறப்பட்டிருக்கின்றன. ஆதலின் உரிமை வழக்கை ஒதுக்கிவிட்டுக் கட்டத்தை நோக்குவோம்.

கட்டத்தின் அமைப்பு

ஓர் உச்சிப் புள்ளி. அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் நான்கு கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டி இருபுறமும் சற்று நீண்டு நிற்கும் மூன்று வரிகள். அவ்வரிகளின் இடக்கோடியையும் வலக்கோடியையும் தனித்தனியே இணைக்கும் இரு பக்கக்கோடுகள். எல்லாவற்றிற்கும் கீழே நான்கு கோடுகளும் சென்று முடியும் ஓர் அடிவரி. இதுவே கட்டம்.

புள்ளிகளை எண்ணுவோம். உச்சி 1, மூன்று வரிகளிலும் வரிக்கு 6 ஆக 18, அடிவரியில் 4, ஆக 23. புலி 3, ஆடு 15. ஊருக்கு ஊர் சில விதிகள் மாறும். நான் இங்கு எடுத்துக்கொள்வது பரவலான வழக்கு. புலிகள் முதலிலேயே பலகையில் நிற்கும். ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும். 15 ஆடும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரலாகாது. புலியோ இடையிலேயே நகரலாம், வெட்டலாம். புலி கோட்டின் வழியே பக்கத்துப் புள்ளிக்கு ஓரடி நகரும். பக்கத்தில் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் அதற்கப்பால் இடம் வெறுமையாய் இருந்தால், தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். புலியைப் புலி தாண்டாது. ஆட்டுக்கு வெட்டும் உரிமையே இல்லை. மூன்று புலியும் நகர வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்காரர்க்கு வெற்றி. அடைக்க முடியாத அளவுக்கு ஆடுகள் குறைந்தால் புலிக்காரர்க்கு வெற்றி.

காய்க்கென்று கடைக்குப் போக வேண்டுவதில்லை. ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குச் சற்றுப் பெரிய கூழாங்கல்.

புலியை எண்ணுதல்

புலி வலியது என்று யாவரும் சொல்வர். எவ்வளவு வலியது என்று கேட்டால் விடை சொல்வார் சிலரே. அதனை எண்ணியே காணலாம்.

ஒரு புள்ளியில் நிற்கும் புலிக்கு எத்தனை அடிவழி, எத்தனை பாய்ச்சல் வழி என்று தனித்தனியே கணக்கிட்டேன். உச்சியில் நிற்கும் புலிக்கு அடிவழி 4, பாய்ச்சல் 4. இரண்டாம் வரியின் நடுவில் உள்ள இரு புள்ளிகளிலும் அவ்வாறே அடிவழி 4, பாய்ச்சல் 4. கட்டம் முழுவதிலும் 4 பாய்ச்சல் உடைய இடங்கள் இம்மூன்றே. முதல் வரியின் கோடியில் நிற்கும் புலிக்கோ அடிவழி 2, பாய்ச்சல் 2. இரண்டாம் வரியின் கோடி மிகவும் வஞ்சகமானது. அங்கே அடிவழி 3 இருப்பதால் நல்ல இடம் போலத் தோன்றும். பாய்ச்சலோ ஒன்றே ஒன்று. கட்டத்தில் உள்ள எல்லாப் பாய்ச்சல்களையும் கூட்டினால் 56 வரும். அதனை 23 புள்ளிகளுக்குப் பங்கிட்டால் புள்ளிக்கு ஏறத்தாழ இரண்டரை. ஆகவே நடுப்புள்ளிப் புலி சராசரிப் புலியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வலியது. கோடிப் புலி அதில் பாதியும் இல்லை. பல் ஒன்றே, நகம் ஒன்றே. நின்ற இடம் வேறு.

இனி இதனையே ஆட்டின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு புலியை அடைக்க அதன் அடிவழிகளையும் அடைக்க வேண்டும். பாய்ந்து விழும் இடங்களையும் அடைக்க வேண்டும். முதல் வரிக் கோடியில் நிற்கும் தனிப்புலியை அடைக்க 4 காய் போதும். நடுப்புள்ளிப் புலிக்கு 8 வேண்டும்.

மூன்று புலியையும் சேர்த்துப் பார்த்தால் வேற்றுமை இன்னும் விளங்கும். மூன்றும் இடப்பக்கக் கோட்டிலேயே மேல், நடு, கீழ் என்று அடுக்கி நின்றால், ஒன்றின் வழியை மற்றொன்று மறைக்கிறது. அவற்றை அடைக்க ஒவ்வொரு வரியிலும் அடுத்தடுத்து இரண்டு ஆடு, ஆக 6 ஆடே போதும். உச்சியில் ஒன்றும், இரண்டாம் வரி நடுவில் இரண்டுமாக நின்றாலோ 12 ஆடு வேண்டும். மூன்று புலியின் வலிமை இடத்தால் இருமடங்காகிறது. இந்த இரண்டாம் நிலையில் நிற்கும் புலிக்காரர் 4 ஆட்டை வெட்டிவிட்டால், எஞ்சிய 11 ஆட்டால் அவரை அங்கே அடைக்கவே இயலாது. ஆட்டுக்காரர் இதனை அறிந்திருந்தால் நான்காவது ஆட்டை இழக்குமுன் விழிப்பார். அறியாதவர் பத்தாவது ஆட்டை இழந்தபின் விழிப்பார்.

ஆட்டின் அரண்

பாயும் விலங்கை மதிப்பிட அதன் எதிரியையும் மதிப்பிட வேண்டும். ஆடு எந்த இடத்தில் வெட்டுப்படும்? ஒரு நேர்கோட்டின் இடையில் நிற்கும் ஆடே வெட்டுப்படும். கோட்டின் முனையில் நிற்கும் ஆட்டைத் தாண்டி விழ இடமில்லை. அவ்வாறு எல்லாக் கோடுகளுக்கும் முனையாய் அமைந்த புள்ளிகள் இக்கட்டத்தில் 7 உள்ளன: உச்சி, முதல் வரியின் இரு கோடிகள், மூன்றாம் வரியின் இரு கோடிகள், அடிவரியின் இரு கோடிகள். ஒரு புலி உச்சியில் நின்று ஆட்டம் தொடங்கினால் ஆட்டுக்கு எஞ்சிய அரண் 6. தேர்ந்த ஆட்டுக்காரர் முதல் ஆடுகளை ஓரங்களிலே கொண்டுபோய் வைப்பதன் காரணம் இதுவே. அச்சத்தால் ஒதுங்கினார் என்று புலிக்காரர் நகைப்பார். அது அச்சமன்று; அரண்.

அரண் நிறைந்த பின்னர் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் துணை நிற்க வேண்டும். முன் நிற்கும் ஆட்டுக்கு நேர் பின்னால் இன்னொன்று நின்றால் அத்திசையில் புலி தாண்ட முடியாது. ஓர் ஆடும் இழவாமல் 15-உம் இறங்கிவிட்டால், 23 புள்ளியில் 18 நிறைந்து 5 புள்ளியே வெறுமையாய் இருக்கும். அப்போது புலிக்குப் பாய்ச்சல் என்பது ஏறத்தாழப் பெயரளவே. பாயும் விலங்கு வெற்றிடத்தை உண்டு வாழ்கிறது. வெற்றிடம் மிகுந்த தொடக்கத்தில் அது அரசன். வெற்றிடம் குறைந்த முடிவில் அது கைதி.

நேபாளத்தில் இதற்கு உறவான பாக் சால் என்னும் ஆட்டம் உண்டு. அங்கே புள்ளி 25, புலி 4, ஆடு 20. 5 ஆட்டை வெட்டினால் புலிக்கு வெற்றி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் ஆராய்ச்சியாளர் கணிப்பொறி கொண்டு அவ்வாட்டத்தை ஆராய்ந்தனர். இருதரப்பாரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இன்றி முடியும் என்பது அவ்வாராய்ச்சியின் முடிவு. வெட்டும் உரிமை முழுவதும் புலிக்கே இருந்தும், அவ்வுரிமை ஒன்றும் இல்லாத ஆடு அதனோடு சமன் நிற்கிறது. வலிமைக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

சீட்டுக்கு வருவோம்

இனி இரண்டாவது ஆட்டம். அறியாதார் பொருட்டுச் சுருங்கச் சொல்கிறேன். ஆடுவோர் இருவர், ஒவ்வொருவர்க்கும் 20 உயிர்ப் புள்ளி. ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டுக்கட்டு. அதில் நிலச்சீட்டு என ஒருவகை உண்டு. தன் முறை வரும்போது ஒருவர் ஒரு நிலச்சீட்டை இறக்கலாம். நிலம் தரும் ஆற்றலைக் கொடுத்தே பிற சீட்டுகளை இறக்க வேண்டும். ஆதலின் முதல் முறையில் விலை 1 உள்ளதே இறங்கும். நான்காம் முறையில் விலை 4 உள்ளது இறங்கலாம். விலங்குச் சீட்டில் இரண்டு எண் இருக்கும். முன்னது தாக்குவலி, பின்னது தாங்குவலி. இறங்கிய முறையிலேயே விலங்கு தாக்காது. அடுத்த முறை தொடங்கியே தாக்கும். எதிராளி தம் விலங்கொன்றைக் குறுக்கே நிறுத்தித் தடுக்கலாம். தடுத்தால் இரு விலங்கும் ஒன்றையொன்று தாக்கும். தடுக்காவிட்டால் தாக்குவலி எதிராளியின் உயிரிலிருந்து கழியும்.

டிராஃப்ட் என்பது இதனை ஆடும் ஒரு முறை. 8 பேர் வட்டமாக அமர்வர். ஆளுக்கு மூன்று உறை. நெடுங்காலம் உறைக்கு 15 சீட்டு என்பதே வழக்கு. 2024 முதல் வெளிவரும் உறைகளில் 14. ஒவ்வொருவரும் ஓர் உறையைப் பிரித்து, ஒரு சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை இடப்பக்கத்தார்க்குத் தருவர். வலப்பக்கத்திலிருந்து வருவதில் மீண்டும் ஒன்று. இரண்டாம் உறை வலப்பக்கம் செல்லும். மூன்றாவது மீண்டும் இடப்பக்கம். முடிவில் சேர்ந்த 45 சீட்டில் ஏறத்தாழ 23-ஐத் தெரிந்து, 17 நிலச்சீட்டும் சேர்த்து, 40 கொண்ட கட்டு அமைப்பர். நம் கட்டத்தின் புள்ளியும் 23, இக்கட்டின் சீட்டும் 23 என்பது தற்செயலே; எனினும் நினைவில் வைக்க எளிது.

உறைகளை மீண்டும் மீண்டும் வாங்குவது மாணவர் கைக்கு எட்டாது. அதற்கும் வழியுண்டு. 8 பேருக்கு 45 வீதம் 360 சீட்டு கொண்ட ஒரு தொகுதியைப் பொதுவில் வைத்துக்கொண்டு, கலைத்துப் பங்கிட்டு, ஆடி முடித்தபின் மீண்டும் ஒன்று சேர்த்துவிடலாம். கியூப் என்று இதனை வழங்குவர். ஒருமுறை செலவு, பல ஆண்டு விளையாட்டு.

சிங்கத்தை நிறுத்தல்

எடுத்துக்காட்டாக ஒரு சீட்டைத் தராசில் வைப்போம். ‘சவான்னா லயன்ஸ்’ என்பது அதன் பெயர். 1993-இல் வந்த முதல் தொகுதியிலேயே இருந்தது. வெள்ளை நிறம், விலை 1, தாக்குவலி 2, தாங்குவலி 1, வேறு சிறப்பொன்றும் இல்லை. விலைக்கு மிஞ்சிய தாக்குவலி என்பதால் அந்நாளில் அரிய சீட்டு என்னும் வகையில் வைக்கப்பட்டது. இதனை உறையில் கண்டவுடன் பாய்ந்தெடுப்போர் பலர். எடுக்கலாமா?

முதலில் நன்மையைச் சொல்வோம். முதல் முறையிலேயே இறங்கி, தடுப்பார் இன்றி 2, 3, 4 ஆகிய மூன்று முறை தாக்கினால் 6 புள்ளி. எதிராளியின் 20-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒரே நிலத்தின் விலைக்குக் கிடைத்துவிடும். விலை 2 கொண்ட 2/2 விலங்கு ஒன்று வந்து தடுத்தாலும் இரண்டும் மடியும். குறைந்த விலைக்கு மிகுந்த விலையை வீழ்த்தினோம் என்னும் ஆதாயம் உண்டு.

இனி எண்ணிப் பார்ப்போம். தொடக்கத்தில் கையில் 7 சீட்டு. 40 சீட்டுக் கட்டில் ஒரே சிங்கம் இருந்தால், அது தொடக்கக் கையில் இருக்கும் வாய்ப்பு 40-இல் 7, அதாவது நூற்றுக்குப் பதினேழரை. இருந்தாலும் போதாது, வெள்ளை நிலமும் கையில் வேண்டும். இரு நிறக் கட்டில் வெள்ளை நிலம் 9 எனக் கொள்வோம். சிங்கம் கையில் உள்ளபோது எஞ்சிய ஆறு சீட்டில் வெள்ளை நிலம் ஒன்றேனும் இல்லாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 18. இரண்டையும் பெருக்கினால், சிங்கமும் அதற்குரிய நிலமும் தொடக்கக் கையிலேயே இருப்பது நூற்றுக்கு 14 முறை. ஏழு ஆட்டத்தில் ஒன்று! நாம் மனத்தில் கண்ட அந்த 6 புள்ளிச் சிங்கம் ஏழில் ஓர் ஆட்டத்தில்தான் பிறக்கிறது. தடுப்பாரும் இல்லாதிருக்க வேண்டும் என்பது அதற்கும் மேல்.

முதலில் ஆடுபவர் நான்காம் முறை முடியப் பார்ப்பது 10 சீட்டு. அதற்குள் சிங்கம் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. எஞ்சிய முக்கால் பங்கு ஆட்டங்களில் சிங்கம் அதற்குப் பின்னரே வரும், அல்லது வரவே வராது. எட்டாம் முறையில் வரும் சிங்கத்தின் எதிரே 3/3, 4/4 என்று விலங்குகள் நிற்கும். அங்கே அது இரண்டாம் வரிக் கோடியில் நிற்கும் புலி. பார்வைக்கு வழி மூன்று, பாய்ச்சல் ஒன்று.

ஆட்டின் அரணுக்கு ஒப்பானதும் இங்குண்டு. தாக்குவலி 1, தாங்குவலி 3 உடைய எளிய விலங்கொன்றை எவரும் விரும்பி எடுப்பதில்லை. கடைசிவரை கைமாறிக்கொண்டே வரும். அது சிங்கத்தைத் தடுத்தால் என்னாகும்? சிங்கம் தரும் 2 அதனைக் கொல்லாது; அது தரும் 1 சிங்கத்தைக் கொல்லும். எவரும் விரும்பாத புளியங்கொட்டை ஒன்று புலியை அடைத்துவிட்டது.

தனிச் சிங்கமும் சிங்கக் கூட்டமும்

அவ்வாறாயின் சிங்கம் பயனற்றதோ? அன்று. தனிச் சிங்கமே பயன் குறைந்தது. 40 சீட்டில் விலை குறைந்த பாயும் விலங்கு 7 இருந்தால், அவற்றுள் ஒன்றேனும் தொடக்கக் கையில் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 77. ஒன்று இருந்தபோது பதினேழரை. ஏழு இருக்கும்போது எழுபத்தேழு. கட்டு ஒரே நிறமாய், வெள்ளை நிலம் 16 ஆக இருந்தால், கையில் சிங்கம் இருந்தும் நிலம் இன்மையால் இறக்க முடியாமை நூற்றுக்கு 18-லிருந்து 3 ஆகக் குறைகிறது. ஒரு சிங்கத்தைத் தடுக்க நின்ற 1/3 விலங்கு மூன்று சிங்கத்தை ஒருசேரத் தடுக்க முடியாது. ஒன்றைத் தடுக்கும்போது மற்ற இரண்டும் 4 புள்ளி கொண்டுபோய்விடும்.

டிராஃப்ட் அல்லாத முறையில், 60 சீட்டுக் கட்டில் ஒரே சீட்டு நான்கு வரை வைத்துக்கொள்ளலாம். அங்கே தொடக்கக் கையில் சிங்கம் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40. அவ்வகை ஆட்டத்தில் புகழ் பெற்ற சீட்டு டிராஃப்டில் ஏமாற்றுவதற்கு இதுவே காரணம். சீட்டு மாறவில்லை; அதனைச் சூழ்ந்த எண்கள் மாறின.

எடுக்குமுன் கேட்க வேண்டிய ஐந்து வினா

மேற்கூறியவற்றைத் திரட்டினால் ஐந்து வினா கிடைக்கின்றன. பாயும் விலங்கு எதனைக் கண்டாலும் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: எப்போது வரும்? முதல் முறையில் வந்தால் என்ன என்று மட்டும் எண்ணாமல், எட்டாம் முறையில் வந்தால் என்ன என்றும் எண்ண வேண்டும். இரண்டிலும் பயன்படுவதே சிறந்த சீட்டு.

இரண்டு: எதிரே யார் நிற்பர்? அத்தொகுதியில் விலை குறைந்த தடுக்கும் விலங்குகள் மிகுதியாயின் தாங்குவலி 1 பெருங்குறை. பறக்கும் திறம் போன்று தடுப்பாரைக் கடக்கும் வழியொன்று இருந்தால் மதிப்பு ஏறும். அது நடுப்புள்ளிப் புலி.

மூன்று: துணை எத்தனை? ஏற்கெனவே நான்கைந்து பாயும் விலங்கு கையில் இருந்தால் ஆறாவதை எடுக்கலாம். இல்லையேல் அது தனித்த சிங்கம்.

நான்கு: மடிந்தால் என்ன கிடைக்கும்? விலை 1 கொடுத்து எதிராளியின் விலை 3 சீட்டை வீழ்த்திவிட்டு மடியுமாயின் அது தோல்வி அன்று. ஆட்டுக்காரர் ஓர் ஆட்டைத் தந்து புலியைக் கோடிக்கு இழுப்பதும் இத்தகையதே.

ஐந்து: பிறர் அதனை எவ்வாறு மதிக்கின்றனர்? 8 பேர் ஆடும்போது, நாம் முதலில் பிரித்த 15 சீட்டு உறை எட்டுக் கை சுற்றி, 7 சீட்டோடு ஒன்பதாம் முறை நம்மிடமே திரும்பும். முதலில் விட்ட சிங்கம் அப்போதும் அங்கே இருந்தால், பாயும் வெள்ளை விலங்கை வேண்டுவார் இப்பந்தியில் குறைவு என்பது குறிப்பு. இச்செய்தி சிங்கத்தைவிட விலை உயர்ந்தது. அடுத்த இரு உறையிலும் அத்தகைய விலங்குகள் நம்மை நோக்கி வரக்கூடும்.

இவ்வைந்தையும் கேட்டபின், ‘சவான்னா லயன்ஸ்’ பற்றி என் முடிவு இது: முதல் உறையின் முதல் சீட்டாக அதனை எடேன், ஐந்தாறு துணை சேர்ந்தபின் மூன்றாம் உறையில் வந்தால் மகிழ்ந்து எடுப்பேன். விலங்கு ஒன்றே, மதிப்பு இரண்டு.

முடிவுரை

இதனால் நமக்கு ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். டிராஃப்டில் கைவிட்ட சீட்டு பெரும்பாலும் திரும்புவதில்லை. கட்டத்தில் கோடிக்குச் சென்ற புலி பெரும்பாலும் மீள்வதில்லை. வாழ்விலும் அத்தகைய தெரிவுகள் வரும். குழுவுக்கு ஆள் தெரியும்போதும், தொழிலுக்குத் துணை தேடும்போதும், முதற்பார்வையில் பாய்பவரையே நாம் எடுக்கிறோம். நின்று தடுப்பவரை விட்டுவிடுகிறோம். திண்ணையில் பிள்ளைகள் ஆடத் தொடங்கும்போது புலிக்குப் போட்டி. ஆடு இளையவர் தலையில் கட்டப்படும். புலியை ஆடத் தெரிந்தவரைவிட ஆட்டை ஆடத் தெரிந்தவரே ஆட்டக்காரர் என்று சித்தூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணக்கும் அதற்கு மாறாகச் சொல்லவில்லை.

நாம் பயிலும் இப்பல்கலைக்கழகம் 1954-இல் திருப்பதியில் நிறுவப்பெற்ற நாள் முதல் இருமொழி மாணவரும் ஓரிடத்தில் உண்டு உறங்கிப் பயின்று வருகின்றனர். புதிய சீட்டாட்டம் ஆடும் நண்பர்கள் ஒரு மாலை சீட்டை ஒதுக்கிவிட்டு, தரையில் 23 புள்ளிக் கட்டம் ஒன்றைக் கீறி ஆடிப் பார்க்க வேண்டுகிறேன். பழைய கட்டம் ஆடும் நண்பர்கள் புதிய சீட்டையும் இகழாது ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டுகிறேன். மேலே நான் தந்த எண்களை எவரும் நம்ப வேண்டா; ஒரு தாளும் எழுதுகோலும் இருந்தால் தாமே எண்ணிப் பார்க்கலாம். உச்சியிலும் நடுவிலும் புலியை வைத்து 12 ஆட்டுக்குக் குறைவாக அடைக்க முடியுமா என்று முதலில் முயன்று பாருங்கள்.